பிள்ளை என்.ஐ.சி.யூ.வில் இருக்கும்போது அம்மா அப்பா செய்ய வேண்டியவை

பிரசவம் சிக்கலாகி, பிள்ளையை நேராக என்.ஐ.சி.யூ.வுக்கு (பச்சிளம் பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) கொண்டுபோய்விட்டால் குடும்பமே அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றுவிடும். உள்ளே மெஷின் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மிஸ்ஸிகள் (நர்ஸ்கள்) இருக்கிறார்கள், நமக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றும். வேலை நிறையவே இருக்கிறது. அம்மாவின் பால், பெற்றவர்களின் கை, டாக்டர்கள் சுற்றிப் பார்க்க வரும் ரவுண்ட்ஸில் கேட்கிற கேள்வி: இவற்றை உங்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. நிறைமாதத்தில் பிறந்து, பிறக்கும்போது மூச்சுத் திணறியோ, மலம் கலந்த பனிக்குட நீர் நுரையீரலுக்குள் போயோ, கிருமித் தொற்றாலோ அட்மிட் ஆன பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். கோலாலம்பூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு எது உதவுமோ அதைத்தான் விரித்துச் சொல்லியிருக்கிறோம்.

முதல் 6 மணி நேரம்

பிறக்கும்போது பிராணவாயு போதாமல் போன பிள்ளையின் மூளையைக் காக்க இன்று இருக்கும் முக்கியமான சிகிச்சை, உடம்பைக் குளிர்விப்பது. பாதிப்பு ஒரே அடியாக முடிந்துவிடுவதில்லை. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். முதலில் தப்பித்த செல்களும் அப்போது சாக ஆரம்பிக்கும். குளிர் அந்த அலையை அடக்கும். அதனால்தான் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று டாக்டர்கள் அவசரப்படுவார்கள். சுமார் 36 வாரம் நிறைந்த பிள்ளைகளுக்குத்தான் இது செய்யப்படும்.

பிறந்த இடத்தில் இந்த வசதி இல்லையென்றால் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள். கே.எல். வட்டாரத்தில் துங்கு அசிசா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை ஆகியவற்றில் பெரிய என்.ஐ.சி.யூ.க்கள் உண்டு. கட்டில் தேடிக் காரில் அலைய வேண்டாம். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் பேசி, இடம் உறுதியான பிறகுதான் பிள்ளை இன்குபேட்டரோடு ஆம்புலன்ஸில் போகும். அப்பா கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: அம்மாவின் ஐ.சி., கல்யாணச் சான்றிதழ், கிளினிக்கில் கொடுத்த கர்ப்பகாலப் புத்தகம், பிரசவக் குறிப்பின் நகல். பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் பொருத்தம் பார்க்க அம்மாவின் ரத்தமும் கேட்பார்கள். கிளம்புவதற்கு முன்பே அதை எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: 1, 5, 10 நிமிடத்தில் அப்கார் (பிறந்ததும் பிள்ளையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்) எத்தனை, தொப்புள்கொடி ரத்தத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) எவ்வளவு, எப்போது மூச்சு வந்தது, குளிர்விப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது. இரண்டு வருஷம் கழித்து வளர்ச்சி பார்க்கும் டாக்டர் கேட்பதும் இதே எண்களைத்தான்.

குளிரில் 72 மணி நேரம்

இதை முன்கூட்டியே யாராவது சொல்லாவிட்டால் பெற்றவர்கள் பயந்துபோவார்கள். கை வைத்தால் பிள்ளை ஜில்லென்று இருக்கும். உடம்பின் வெப்பத்தை 33.5 டிகிரியில் மூன்று நாள் வைத்திருக்கிறார்கள். தோல் வெளிறியிருக்கும். இதயத் துடிப்பு 100க்குக் கீழே இறங்கி நிற்கும், அந்தக் குளிரில் அது எதிர்பார்க்கப்படுவதே. வலி தெரியாமல் இருக்க மார்பின் போன்ற மருந்து ஓடுவதால் கண் திறக்காது, கை காலும் அதிகம் அசையாது. இதையெல்லாம் வைத்துப் பிள்ளை எப்படி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பாட்டி பின்னிக் கொடுத்த தொப்பியும் போர்வையும் இப்போது பையிலேயே இருக்கட்டும். போர்த்தினால் சிகிச்சை கெடும்.

72 மணி நேரம் முடிந்ததும் சூடேற்றுவார்கள். மணிக்கு 0.5 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதால் குறைந்தது 6 மணி நேரம் பிடிக்கும். இந்தக் கட்டத்தில் வலிப்பு தலைகாட்டலாம், அதைப் பிடிப்பதற்காகத்தான் தலையில் மெல்லிய வயர்களை ஒட்டியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் 4ஆம் நாளுக்குப் பிறகு. அதுவரை 'மூளை எப்படி இருக்கிறது' என்ற கேள்விக்கு டாக்டரிடம் முழுப் பதில் இருக்காது. மறைக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். படம் சொல்லுவதோடு வலிப்பு எவ்வளவு, சூடேறிய பின் விழிப்பு எப்படி, உறிஞ்சுகிறதா என்பதையும் சேர்த்துத்தான் அவர்களால் பேச முடியும்.

பால்: முதல் நாளே தொடங்க வேண்டியது

பிள்ளைக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்கவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாக்கள் மூன்று நாள் விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பால் எவ்வளவு ஊறும் என்பதை முதல் இரண்டு வாரம் தீர்மானிக்கும். பிரசவமாகி 6 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் மணி நேரத்திலேயே, கையால் எடுக்கத் தொடங்குங்கள். ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாலும் முடியும், மிஸ்ஸியிடம் உதவி கேளுங்கள்.

முதல் இரண்டு நாளுக்குப் பம்ப் தேவையில்லை. சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். பம்பில் போட்டால் புனலிலேயே ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து 2, 3 செண்டிமீட்டர் தள்ளி, சி எழுத்துப்போல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நெஞ்சுப்பக்கம் பின்னோக்கி அழுத்துங்கள், பிறகு இரண்டு விரலையும் ஒன்றை நோக்கி ஒன்று அமுக்கி விடுங்கள். விரல் தோலில் வழுக்கக் கூடாது. சொட்டு திரண்டதும் 1 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். 0.3 மி.லி. வந்தாலும் கொட்டாதீர்கள். வாயில் குழாய் இருக்கும் பிள்ளைக்குக்கூட இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் சில துளி தடவிவிடலாம். வார்டில் டாக்டர் சரி என்றால், அப்பாவே அதைச் செய்யலாமா என்று கேளுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து பம்ப். 24 மணி நேரத்தில் 8 முறையாவது எடுக்க வேண்டும், அதில் ஒன்று நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே. ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம், இரண்டு பக்கமும் சேர்த்து எடுக்கும் பம்பாக இருந்தால் நல்லது. எடுத்து முடித்துக் கையால் இன்னும் ஐந்து நிமிடம் பிழிந்தால் மிச்சம் வரும், கொழுப்பு அதிகமான பால் அதில்தான் இருக்கும். காம்பு வெளுத்தாலோ, புனலின் சுவரில் உரசி எரிந்தாலோ புனல் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். பம்போடு வரும் புனல் எல்லோருக்கும் சரிப்படாது, வேறு அளவு கேட்டு வாங்குங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் பால் கூடாது. வலித்தால் பால் இறங்குவதே நின்றுவிடும்.

எவ்வளவு வர வேண்டும்? முதல் நாளில் ஒரு முறைக்குச் சில துளியிலிருந்து ஒரு தேக்கரண்டி. இரண்டாவது வார முடிவில் ஒரு நாளைக்கு 500 முதல் 750 மி.லி. வந்தால் கவலை இல்லை. 350 மி.லி.க்குக் கீழே நின்றால் காத்திருக்காமல் பாலூட்டல் ஆலோசகரைப் பாருங்கள். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போன அம்மாவுக்குப் பால் தாமதமாக இறங்கும், அது அவர் குற்றமில்லை. பிள்ளைக்குத் தேவையானது ஆரம்பத்தில் மிகக் குறைவு. 3 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 20 மி.லி. வீதம் தொடங்கினால் ஒரு நாளைக்கு 60 மி.லி., மூன்று மணிக்கொரு முறை 7.5 மி.லி. முழு அளவான 450 மி.லி.க்குப் படிப்படியாக ஏற்றுவார்கள்.

பாத்திரம் சுத்தம் முக்கியம். பாலைத் தொட்ட பாகங்களை முதலில் குளிர்ந்த நீரில் அலசி, சோப்பு கலந்த சுடுநீரில் கழுவுங்கள். இதற்கென்று தனிப் பேசின் வைத்துக்கொள்ளுங்கள், சிங்குக்குள் வைத்துக் கழுவக் கூடாது. நோயுற்ற பிள்ளைக்கு என்பதால் தினமும் ஒரு முறையாவது ஸ்டீம் செய்ய வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் மறுபடி கிருமி வரும், காற்றில் உலர விடுங்கள்.

சேமிப்பதற்கு நம் ஊர் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி அறைக்கான கணக்கு, நம் சமையலறைக்குச் சரிவராது. எடுத்ததும் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள், கதவுத் தட்டில் இல்லாமல் உள்பக்கத்தில். ஒரு பாட்டிலுக்கு ஒரு தடவை எடுத்த பால் மட்டும். லேபிளில் அம்மா பெயர், பிள்ளையின் பதிவு எண், தேதி, மணி, பக்கத்தில் அம்மா சாப்பிடும் மருந்து. ஃபிரிட்ஜில் எத்தனை மணி நேரம் ஏற்றுக்கொள்வார்கள் என்பது வார்டுக்கு வார்டு மாறும், அவர்கள் சொல்லும் கணக்கே கணக்கு. ஃபிரீஸரில் வைத்து உருக்கியதை 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

கொண்டுபோக, கூலர் பையில் உறைந்த ஐஸ் பேக்குகளைப் பாட்டிலைச் சுற்றி வையுங்கள். வெறும் ஐஸ் கட்டி போட்டால் உருகிய தண்ணீரில் லேபிள் அழிந்துவிடும். பெயர் தெரியாத பாலை மிஸ்ஸி கொட்டத்தான் வேண்டியிருக்கும். ஜாலான் துன் ரசாக் ஜாமில் ஒரு மணி நேரம் நின்றாலும் ஐஸ் பேக் நிறைந்த பை தாங்கும். எச்.கே.எல். (கோலாலம்பூர் மருத்துவமனை) பக்கம் போகிறவர்களுக்கு புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடத்தில் 'ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர்' ஸ்டேஷன் இருக்கிறது, பார்க்கிங் தேடும் நேரம் மிச்சம்.

சொந்தக்காரர் பாலும் வேண்டாம், இணையத்தில் விற்கும் பாலும் வேண்டாம். கிருமியும் மருந்தும் பாலில் வரும். பால் போதாவிட்டால் மாவுப் பாலுக்குச் சம்மதம் கேட்பார்கள், அதற்காக அம்மா அழ வேண்டியதில்லை. வரும் ஒவ்வொரு மில்லியும் சேர்ந்துகொண்டே இருக்கட்டும்.

வீட்டுப் பத்தியமும் ஆஸ்பத்திரியும்

பெரியவர்கள் சொல்வதில் நல்லது நிறைய இருக்கிறது. முருங்கைக்கீரை, பூண்டு, பால் சுறாப் புட்டு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் தண்ணீரைக் குறைக்கச் சொல்வதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு முறை பால் எடுக்கும்போதும் ஒரு குவளை தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். நம் வீடுகளில் பத்தியச் சமையலில் பிராண்டி ஊற்றும் வழக்கமும் உண்டு. அது பாலில் கலக்கும், என்.ஐ.சி.யூ. பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். பிரசவ லேகியம், கசாயம் எதுவானாலும் பெயரைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். பத்தியம் முடியும்வரை வெளியே போகக் கூடாது என்ற பேச்சும் வரும். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அம்மாவை வீட்டில் அடைத்து வைப்பது இருவருக்கும் நல்லதில்லை. காது மூடி, நடையைக் குறைத்து, சக்கர நாற்காலியில் போய் வரலாம் என்று பெரியவர்களிடம் அப்பாதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தொடுவது

உள்ளே போகுமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை வரை 40 முதல் 60 விநாடி கழுவுங்கள். தாலியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளலாம். கைப்பேசியைத் தொட்டால் மறுபடி கைக்கு மருந்து போட வேண்டும். அரைஞாண் கயிறு, வசம்பு, கருப்புப் பொட்டு, திருநீறு எல்லாம் பிறகு. தொப்புளில் குழாய் இருக்கும்போது தூள் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. சாமிப் படமோ கயிறோ வைக்க மனம் கேட்டால், மூடிய பிளாஸ்டிக் பையில் கட்டிலோரம் மாட்டலாமா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள்.

தடவிக் கொடுப்பது நோயுற்ற பிள்ளைக்குத் தொந்தரவாகும். ஒரு கையை உச்சந்தலையில் கவிழ்த்து வையுங்கள், இன்னொரு கையால் மடக்கிய கால்களைக் குவித்துப் பிடியுங்கள். அசைக்காமல் அப்படியே வைத்திருங்கள். சில நிமிடத்தில் மூச்சு நிதானமாவதைத் திரையிலேயே பார்க்கலாம். மெதுவாகப் பேசுங்கள், தாலாட்டும் பாடுங்கள். வயிற்றுக்குள் கேட்ட குரல் அது.

அலாரம் அடித்தால் திரையைப் பார்க்கும் முன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் காலில் சுற்றிய சென்சார் நழுவியிருக்கும். பட்டன் எதையும் அழுத்தாமல் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.

நிலைமை சரியானதும் கங்காரு முறையில் நெஞ்சோடு வைக்கக் கேளுங்கள். முன்பக்கம் திறக்கும் சட்டை, மேலே சுற்ற ஒரு பாத்தேக் கைலி போதும். பிள்ளை தவளைபோல் கால் மடக்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்குத் துவாரம் இரண்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் இடிக்கக் கூடாது. எடுத்து வைப்பதே களைப்பு என்பதால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். அப்பாவும் வைக்கலாம்.

ரவுண்ட்ஸில் கேட்பது

ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு, அந்த நேரத்தில் இருவரில் ஒருவராவது இருங்கள். கேள்வி நாலு போதும்: நேற்றைவிட இன்று என்ன மாறியது, இன்று என்ன செய்யப் போகிறீர்கள், எதைப் பார்த்து அஞ்சுகிறீர்கள், அடுத்த முடிவு எப்போது வரும்.

மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். 'ஸ்டேபல்' என்றால் தேறிவிட்டது என்று பொருளில்லை, நேற்று இருந்தபடியே இருக்கிறது. 'புவாசா' என்று எழுதியிருந்தால் பால் நிறுத்தப்பட்டிருக்கிறது. 'டெமாம் கூனிங்' என்பது மஞ்சள்காமாலை. புரியாவிட்டால் தமிழ் தெரிந்த டாக்டரையோ மிஸ்ஸியையோ கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றால் நம் வீடுகளில் கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் ஆண்டிபயாடிக்கை எத்தனை நாள் கொடுப்பது என்று தெரியாமல் போகும், நாள்தான் நீளும்.

பெற்றவர்கள் இருவரையும் தனியறைக்கு அழைத்துப் பேசுகிறார்கள் என்றால் நோட்டுப் புத்தகத்தோடு போங்கள், நெருங்கிய ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அங்கே முடிவு சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. யோசிக்க நேரம் கேட்கலாம்.

காகிதமும் பணமும்

பிள்ளை உள்ளே இருக்கும்போதே பிறப்பைப் பதிவு செய்யலாம், ஜே.பி.என். (தேசியப் பதிவுத் துறை) வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். தனியார் ஆஸ்பத்திரியில் தினசரி மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். பல மருத்துவக் காப்புறுதிகள் பிள்ளை பிறந்து சில வாரம் ஆன பிறகே தொடங்கும், கர்ப்பகாலத்தில் எடுத்த பாலிசியில் மட்டும் என்.ஐ.சி.யூ. இருக்கலாம், அதுவும் தினசரி வரம்போடு. தாங்காது என்று தெரிந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லி அன்றே கேளுங்கள். தனியார் துறையில் 1 ஜனவரி 2023 முதல் அம்மாவுக்கு 98 நாள், அப்பாவுக்குத் தொடர்ச்சியாக 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அப்பா அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எல்லாம் என்னால்தான் என்று இரண்டு வாரத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555.

வீட்டுக்கு வரும் முன்

பிள்ளை திறந்த கட்டிலில் 36.5 முதல் 37.5 டிகிரியில் நிற்க வேண்டும், வாயால் முழுப் பாலும் குடிக்க வேண்டும், எடை ஏற வேண்டும். குளிர்விப்பு முடிந்த பிள்ளைகளுக்கு உறிஞ்சும் பலம் மெதுவாகவே வரும். குடிக்கும்போது நிறம் மாறினாலோ, தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தாலோ நிறுத்தி, பேச்சுச் சிகிச்சையாளர் பார்க்கும்வரை குழாய் இருக்கட்டும். காது கேட்கும் சோதனை முடிந்ததா, பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பு) ஊசி போட்டாயிற்றா, கண்டிப்பாகப் பாருங்கள்.

ஜி6பிடி (ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) ரிசல்ட்டையும் எழுதி வாங்குங்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டை வாசமே ஆபத்து, ரத்த அணுக்கள் உடைந்து காமாலை தலைக்கேறும். தொட்டில் கட்டப் பாட்டி பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழைய சேலையில் அந்த உருண்டை கிடந்திருக்கும். துவைத்தாலும் வாசம் போகாத துணியை விட்டுவிடுங்கள். தொட்டிலே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. துணித் தொட்டிலில் தலை முன்னே மடங்கி மூச்சு அடைக்கும். சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சாம்பிராணிப் புகையும் நுரையீரல் அடிபட்ட பிள்ளைக்கு ஆகாது. நாக்கில் தேன், சேனை எதுவும் வைக்காதீர்கள்.

காரில் குழந்தை இருக்கை 1 ஜனவரி 2020 முதல் சட்டம். டிஸ்சார்ஜ் நாளுக்கு முன்பே பொருத்திப் பாருங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியவை: தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல், விலா உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, காய்ச்சல் 38 டிகிரி, அடுத்தடுத்து இரண்டு வேளை குடிக்காமல் இருப்பது. கை கால் துடித்தால் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். சாதாரண நடுக்கம் பிடித்ததும் நிற்கும், வலிப்பு உங்கள் கைக்குள்ளும் துடித்துக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் மணியைக் குறித்துக்கொண்டு 999க்கு அழையுங்கள், இன்னொருவர் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். டாக்டருக்கு அந்தப் படம் ரொம்ப உதவும்.